பத்தரை வரைக்கும்

போனைச் சொம்புக்குள் நிறுத்தி வைத்தால் சத்தம் ரெண்டு மடங்காகக் கேட்கும் என்பது கோகிலவாணி தானாகக் கண்டுபிடித்த வித்தை. அதனால்தான் கிரைண்டர் சத்தத்தையும் மீறி அந்தப் பாட்டு, ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒரே இடத்தில் வந்து நிற்கிற அந்தச் சீட்டிப் பாட்டு, அடுப்படி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்பது இருபதுக்கு உளுந்தைப் போட்டாள், அதே கையோடு நம்பரையும் போட்டாள், தமிழுக்கு ரெண்டை அழுத்தினாள், பழுதான பொருளுக்கு நாலை அழுத்தினாள், அதோடு சரி. நடுநடுவே ஒரு பெண் வந்து உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று சொல்லிவிட்டுப் போகிறாள். முக்கியம்னா எடுக்க வேண்டியதுதானே சாமி என்று முதல் ரெண்டு தடவை கோகிலா சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். மூன்றாவது தடவை சிரிப்பு வரவில்லை. கையை நனைத்து ஓரத்தில் ஒட்டியதை வழித்து உள்ளே தள்ளினாள், கல் சுற்றியது, வழித்ததெல்லாம் நாலு சுற்றுக்குள் திரும்ப ஓரத்துக்கே வந்து ஒட்டியது. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம். தெரியாமல் இல்லை. ஆனால் பொருள் கைக்கு வந்து ஒரு நாளைக்குள் புகார் சொல்லணும் என்று போட்டிருக்கிறது, நேற்று பத்து நாற்பதுக்கு வந்தது, பத்தரைக்கு மேல் கூப்பிட்டு இதே பாட்டை நாற்பது நிமிஷம் கேட்டுக்கொண்டு நின்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது. கஸ்டமர் கேர்தானே, நல்ல காரியமா கெட்ட காரியமா என்று ராகுவே குழம்பிப்போவான். இப்படித் தனக்குத் தானே சொல்லிக்கொண்டபோது கூட அவள் கண் அலமாரிப் பக்கம் போகவில்லை. அங்கே, சாமி படத்துக்குக் கீழே, பூப்போட்ட துண்டைப் போர்த்திக்கொண்டு அது படுத்திருக்கிறது. காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரி. ரெண்டு நாள் சார்ஜ் ஏறணுமாம், அதுவரைக்கும் தொடக்கூடாதாம் என்று நேற்று ராத்திரி மோகனசுந்தரத்திடம் சொல்லியிருக்கிறாள். சாயப்பட்டறையில் பத்து வருஷமாக வேலை பார்க்கிற மனுஷன், கஞ்சியில் கூட நிறம் பார்க்கிறவன், அவள் சொன்னால் அப்படியே நம்புவான். “பழசுதானே, வயசாயிருச்சல்ல, மெதுவாத்தான் சாப்பிடும்” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டான். புருசனிடம் சொன்ன பொய் அது ஒன்று. சின்னதுதான்.

நேற்று இந்நேரம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று நினைக்கவே வேண்டாம் என்றுதான் பார்க்கிறாள், ஆனால் நினைப்பு கேட்கிறதா, அது கிரைண்டர் கல் மாதிரி அங்கேயே வந்து நிற்கிறது. முதலில் போன் வந்தது. “லொகேஷன் என்னமோ சோளக்காட்டுக்குள்ள காட்டுதுங்க அம்மிணி, நான் எங்க வரோணும்” என்று ஒரு வயசான குரல். பால் சொசைட்டி தாண்டி மூணாவது லைன் வீடு என்று வழி சொல்லிவிட்டு, அந்த நம்பரை லேப்டாப் அண்ணன் என்று போட்டு வைத்துக்கொண்டாள். வந்தவருக்கு ஐம்பது வயசிருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றினால் பாதி நரை. பேர் நாச்சிமுத்துவாம், பல்லடத்தில் தறி ஓட்டினாராம், தறியையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்கள், இப்போது முதுகில் டெலிவரி மூட்டை. இவ்வளவும் கேட்காமலே சொன்னார். கேட்காமலே சொல்லுகிறவர்களைக் கோகிலாவுக்குப் பிடிக்கும். பெட்டியை நடையில் இறக்கி வைத்து, சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து, “பிரிச்சு, ஸ்விட்சப் போட்டு, எல்லாம் பாத்துட்டு அப்பறம் போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க அம்மிணி. சொல்லீட்டீங்கன்னா, அதுக்குமேல நானே நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். மணி பத்து நாற்பது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு. “இப்ப ராகு காலமுங்கண்ணா, பன்னண்டுக்கு மேல பிரிச்சுக்கறனுங்க.” அவர் கத்தியைப் பிடித்தபடியே நின்றார். “எனக்கு விடிஞ்சா ராகு காலம், பொழுதுபோனா எமகண்டம். அதப் பாத்தா வண்டிய மிதிக்க முடியுமுங்களா.” அவளும் சிரித்தாள். “பன்னண்டுக்குத் திரும்பி வாங்கண்ணா, காப்பி வெச்சுத் தர்றேன்.” “பன்னண்டுக்கு நான் அவிநாசில நிப்பேன். இன்னம் பதினெட்டு பெட்டி கெடக்குது. பிரிச்சுப் பாத்துருங்க அம்மிணி, கண்ணாடி சாமான்.” மூன்றாவது தடவையும் சொன்னார், நல்லா யோசிச்சுக்குங்க என்று. மூன்று தடவை. அவள் யோசிக்கவில்லை. முதல் தடவையாக அவள் பேரில், அவள் கைக்கு, ஒரு நல்ல காரியம் வருகிறது, அதைக் கொண்டுபோய் ராகுவின் வாயில் வைப்பானேன் என்றுதான் தோன்றியது. நம்பரைச் சொன்னாள். பாட்டுப் பாடுகிற மாதிரி இழுத்துச் சொன்னாள். அவர் போனில் அடித்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணி கேட்டு வாங்கி அண்ணாந்து குடித்துவிட்டுப் போனார். இந்தச் சொம்புதான். இப்போது பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிற இதே சொம்பு.

பன்னிரண்டு அஞ்சுக்குப் பெட்டியைப் பிரித்தாள். கிழக்குப் பார்த்து உட்கார்ந்து, பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு. குமிழ் குமிழான பிளாஸ்டிக் தாள் முழுவதையும் பாப்பாவிடம் கொடுத்துவிட்டாள், அது பட்டு பட்டென்று உடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே கறுப்பாக, மெலிசாக, ஒரு நோட்டுப் புத்தகம் கணக்காய் இருந்தது லேப்டாப். யாரோ ரெண்டு வருஷம் வைத்திருந்து விற்றது. புதுசு போல என்று மட்டும் போட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டாள், இடது ஓரத்தில் சின்னக் கீறல் உண்டு என்றும் போட்டிருந்தார்கள், குறையைச் சொல்லி விற்கிறவன் யோக்கியன் என்று நினைத்தாள். கீறல் அதே இடத்தில் இருந்தது. அதைத் தடவிப் பார்த்துச் சந்தோஷம் கூடப் பட்டாள். அப்புறம் சந்தனத்தைக் குழைத்தாள். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நினைப்புக்கு மூச்சு முட்டுகிறது. மூடியின் நட்டநடுவில், பனியன் கம்பெனியில் ஆயுத பூஜைக்குத் தையல் மிஷினுக்கு வைக்கிற மாதிரி, கட்டைவிரலால் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமத்தை வைத்து, ஒட்டணுமே என்று ஒரு அழுத்து. எவ்வளவு அழுத்தினாள். அதுதான் தெரியவில்லை. முறுக்கு அச்சை அழுத்துகிற அழுத்தா, பாப்பா நெற்றியில் வைக்கிற அழுத்தா. அழுத்தும்போது உள்ளே ஏதாவது சத்தம் கேட்டதா. பாப்பா பிளாஸ்டிக் குமிழை உடைத்துக்கொண்டிருந்தது. பட்டு பட்டு பட்டு. அந்தப் பட்டுகளுக்குள்ளே ஒரு பட்டு இதனுடையதோ. சூடம் காட்டி, திறந்து, பித்தானை அழுத்தினால், வெளிச்சம் வந்தது, மலையும் ஏரியுமாக ஒரு படம் வந்தது, மலையின் மேலே வலது பக்கம் மைக்கூட்டைக் கவிழ்த்த மாதிரி கறுப்பு. ஓரமெல்லாம் நாவல்பழ நிறம். அதிலிருந்து கீழ்வரைக்கும் பச்சையும் சிவப்புமாக நூல் நூலாகக் கோடு. துணியெடுத்துத் துடைத்தாள். துடைத்தால் போகிறதா, மேலே கண்ணாடி வழுவழு என்றுதான் இருக்கிறது, விரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை, கறை உள்ளேயல்லவா இருக்கிறது. “அம்மா, காக்கா” என்றது பாப்பா. ஆமாம், மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு காக்கா. ராத்திரி மோகன் தூங்கினதுக்கப்புறம் திறந்து பார்த்தாள், மூக்கு இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது. கண்ணுக்குத்தான் அப்படித் தோணுதோ என்று தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து மூக்கு நுனியில் ஒட்டி அடையாளம் வைத்தாள். இன்னும் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கத்தான் வேண்டும். உளுந்து பொங்கட்டும்.

சரி, வழியில் எங்கேயோதான் உடைந்தது என்றே வைத்துக்கொள்வோம். பதினெட்டுப் பெட்டிக்கு நடுவில், குண்டும் குழியுமான இந்த ரோட்டில், ஒரு மனுஷன் முதுகில் குலுங்கிக் குலுங்கி வந்தால் உடையாதா. உடையும். ஆனால் காக்கா உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு நேர் பின்னாலா அவள் பொட்டு வைத்தாள். நேர் பின்னால் இல்லை. நடுவில் வைத்தாள், காக்கா வலது பக்கம். இல்லை, மூடியைப் பின்பக்கமிருந்து பார்த்தால் வலது இடதாகிவிடும், நடு மாறாது, நடு நடுதான், அப்போ காக்காயின் வால் நடுவைத் தொடுகிறதே, வாலில் ஆரம்பித்து மூக்குக்குப் போச்சா, மூக்கில் ஆரம்பித்து வாலுக்கு வந்துச்சா. காலையிலிருந்து நாற்பது தடவை உள்ளங்கையையே மூடியாக்கித் திருப்பித் திருப்பிக் கணக்குப் போட்டுவிட்டாள், ஒரு தடவை ரோடு ஜெயிக்கிறது, ஒரு தடவை கட்டைவிரல் ஜெயிக்கிறது. புகாருக்குப் போட்டோ நாலு பக்கமும் எடுத்து அனுப்பணும் என்று போட்டிருந்தது, திரையை ராத்திரியே எடுத்துவிட்டாள், விடிகாலையில் திறக்காமலே பழைய பல் பிரஷ்ஷால் மூடியைத் தேய்த்தாள். குங்குமம் போய்விட்டது. சந்தனம் போகவில்லை. நடுவில் பொறித்திருக்கிற எழுத்துக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது, ஊசியால் சுரண்டியும் மஞ்சளாகவே நிற்கிறது. கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கணும் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது. யாரும் சொல்லவேண்டியதில்லை. ஊத்துக்குளிப் பக்கம் அவள் படித்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, வெல்வெட் துணி மூடி, தனி ரூமில், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும். அஞ்சாவதிலிருந்து எட்டாவது வரைக்கும் அது எரிந்து அவள் பார்த்ததில்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் துணியை எடுப்பார்கள். ஹெட்மாஸ்டர் கண்ணாடி மேலேயே, பெரியதாக, அஞ்சு விரலும் பதிய சந்தனம் அப்புவார். அந்தக் கண்ணாடி என்ன கண்ணாடி, தலையால் முட்டினாலும் தலைதான் உடையும். அதை மனசில் வைத்துக்கொண்டு இதை அழுத்தியிருக்கிறாள். அப்பளத்தை. நாலு வருஷம் படித்த கம்ப்யூட்டர் படிப்பு அவ்வளவுதான். இல்லை, இன்னொன்றும் உண்டு. அந்த மவுசுக்கு அடியில் ஒரு உருண்டை இருந்தது. ரப்பர் உருண்டை, ஆனால் உள்ளே இரும்பு, சின்னதாக இருந்துகொண்டு அவ்வளவு கனம். ஏழாவது படிக்கும்போது மூடியைத் திருகி எடுத்து ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டாள், எதுக்கு என்று இன்றைக்கும் தெரியாது, கையில் வைத்தால் நன்றாக இருந்தது. அடுத்த நாள் ஹெட்மாஸ்டர் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, நேத்து ரூமை யாரு துடைச்சது என்றார். “ரங்கநாயகிதானுங்க சார் துடைச்சா.” கோகிலாதான் சொன்னாள். பொய்யில்லை. ரங்கநாயகிதான் துடைத்தாள். சாயங்காலம் வரைக்கும் ரங்கநாயகி வெயிலில் முட்டி போட்டிருந்தாள், நான் எடுக்கலைங்க சார், நான் எடுக்கலைங்க சார் என்று முதலில் சொல்லிக்கொண்டிருந்தவள் மத்தியானத்துக்கு மேல் அதையும் நிறுத்திவிட்டாள். அடுத்த வருஷம் அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. அது இதனால் இல்லை, அவளை மில்லுக்கு அனுப்பிவிட்டார்கள், அவள் அப்பனுக்குக் கால் போய்விட்டது, எல்லாருக்கும் தெரியும். இதனால் இல்லை. உருண்டையைப் பஞ்சாயத்துக் கிணற்றில் போட்டாள், விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது. இது எதுக்கு இப்போ. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது.

உளுந்து பந்து பந்தாகப் பொங்கி வந்தது. தண்ணியில் ஒரு சொட்டு விட்டால் மிதக்கிறது. வழித்துக் குண்டானில் போட்டுவிட்டு அரிசியைத் தள்ளினாள், கல் கரகரவென்று வேறு குரலில் பேச ஆரம்பித்தது. பாப்பா வாசல்படியில் தன் செருப்பை இடது வலது மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. செருப்பைப் பார்த்தாலே கோகிலாவுக்கு அந்த ஒரு சாயங்காலம் ஞாபகத்துக்கு வந்துவிடும். பனியன் கம்பெனியில் செக்கிங்குக்குப் போய்க்கொண்டிருந்தபோது பாப்பாவைப் பக்கத்துத் தெருவில் பிள்ளை பார்த்துக்கொள்கிற வீட்டில் விட்டாள், பதினோரு பிள்ளைகளுக்கு ஒரு அம்மா, நல்ல அம்மாதான், குறை சொல்லக்கூடாது. ஒரு நாள் ஷிப்ட் நீண்டு ஏழரைக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், பாப்பா பையை மாட்டிக்கொண்டு, செருப்பைக் காலில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு, கதவுக்கு நேராக உட்கார்ந்திருக்கிறது. அழவில்லை. “மத்தியானம் சோறு தின்னதிலிருந்து இப்படியேதான் ஒக்காந்திருக்கறா, நானும் கூப்பிட்டுப் பாத்தேன், அம்மா வந்துருவாங்கன்னு நவுரவே மாட்டீங்கறா” என்றாள் அந்த அம்மா. ஒரு மணியிலிருந்து ஏழரை வரைக்கும். செருப்பு மடியில் ஏன் என்றால், தாமதம் ஆகக்கூடாதாம், அம்மா வந்ததும் கிளம்பணுமாம். அன்றைக்கு நின்றதுதான் கம்பெனி. நின்று எட்டு மாசம், மோகன் ஒருத்தன் கூலியில் ஓடுகிறது, ஓடுகிறது என்று சொல்லக்கூடாது, நொண்டுகிறது. அப்போதுதான் இந்தக் கோயமுத்தூர் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம், துணிப் படம் வரும், இது என்ன கழுத்து, கை எவ்வளவு நீளம், என்ன நிறம் என்று தமிழில் அடிக்கணும். போனில் பரீட்சை வைத்தார்கள். ரிப் கழுத்து எது, போலோ எது, கடல் நீலம் எது, மயில் நீலம் எது. ஆறு வருஷம் விடிய விடியப் பார்த்த சாமான், தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். உங்களுக்குத்தான் முதல் இடம், சொந்தமா கம்ப்யூட்டர் இருக்கணும், புதன்கிழமை காலை ஒன்பதுக்குப் பயிற்சி, அன்னைக்கு வராதவங்க இடம் அடுத்தவங்களுக்குப் போயிரும் என்றார்கள். புதன்கிழமை ஒன்பது மணி நல்ல நேரமா என்று கூடப் பார்த்து வைத்துவிட்டாள். இது இல்லையென்றால் திங்கட்கிழமையே கம்பெனி வேன் வரும், சூபர்வைசர் நேற்றும் கேட்டார், ஆள் பத்தலை கோகிலா, வர்றதுன்னா சொல்லு. வேன் வந்தால் பாப்பா திரும்ப அந்தக் கதவுக்கு நேரே. மடியில் செருப்போடு.

பாட்டு நின்றது. பட்டென்று நின்றதில் கிரைண்டர் சத்தம் பூதமாகக் கேட்டது. “வணக்கம் மேடம், நான் ரெபேக்கா பேசறேன்.” கோகிலா ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள், மாவுக் கையோடு சொம்புக்கு முன்னால் குனிந்து நின்றாள், வணக்கமுங்க என்று சொம்புக்குச் சொன்னாள். சின்னப் பெண்ணின் குரல். பின்னால் அதே மாதிரி நூறு குரல். எல்லாவற்றையும் சொன்னாள், காக்கா என்று மட்டும் சொல்லாமல் கறுப்பு என்று சொன்னாள். “போட்டோ பாத்தேன் மேடம். மூடியில ஏதோ மஞ்சளா தெரியுதே?” “அது லைட்டு வெளிச்சமுங்க.” எவ்வளவு சீக்கிரம் வந்தது அந்தப் பதில், வாயில் தயாராக உட்கார்ந்திருந்த மாதிரி. “சரிங்க மேடம். இது பெட்டியத் திறந்து காட்டிக் குடுக்கற டெலிவரி. நீங்க பாத்து, சரியா இருக்குன்னுதான் நம்பர் குடுத்திருக்கீங்கன்னு இங்க பதிவாயிருக்கு. அதுக்கப்பறம் திரை போச்சுன்னா அது வாங்கினவங்க பொறுப்பு மேடம்.” “ஏனுங்க, நான் ஒண்ணுமே பண்ணலைங்க. புதன்கிழமை எனக்கு வேலைக்குச் சேரோணுமுங்க. கைப்பிள்ளைய வெச்சுட்டு இருக்கறனுங்க.” மூன்றரை வயசுப் பிள்ளையைக் கைப்பிள்ளை என்றதும் அவளுக்கே கூச்சமாக இருந்தது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் டைப் அடிக்கிற சத்தம். பிறகு குரல் தணிந்தது, பக்கத்திலிருப்பவர்களுக்குக் கேட்காமல் பேசுகிற மாதிரி. “மேடம், டெலிவரி பார்ட்னர் திறந்து காட்டலைன்னா மட்டும்தான் எனக்கு மாத்திக் குடுக்கற வழி வருது. வேற எதை அழுத்தினாலும் வரமாட்டேங்குது. அவர் உங்க முன்னாடி திறந்து காட்டினாரா, காட்டலையா. அது மட்டும் சொல்லுங்க.” அது மட்டும். கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று தடவை சொன்னார். கண்ணாடி சாமான் அம்மிணி என்றார். ஆனால் திறந்தாரா. திறக்கவில்லை. காட்டினாரா. காட்டவில்லை. கேட்டதுக்குப் பதில் அவ்வளவுதானே, ஏன் திறக்கவில்லை என்று அந்தப் பெண் கேட்கவில்லையே, கேட்டால் சொல்லலாம், கேட்கட்டும், கேட்டால் கட்டாயம் சொல்லுகிறேன். பாப்பா ஒற்றைக்காலில் செருப்போடு வந்து சேலையைப் பிடித்தது. “மேடம், லைன்ல இருக்கீங்களா?” “திறந்து காட்டலைங்க.” ரங்கநாயகிதானுங்க சார் துடைச்சா. அதே குரல். பதினாறு வருஷத்துக்கு அப்புறமும் குரல் கொஞ்சம் கூட மாறவில்லை.

“நன்றி மேடம். செவ்வாய்க்கிழமைக்குள்ள வேற ஒண்ணு வந்துரும், இதைத் திருப்பி எடுத்துக்குவாங்க. டெலிவரி பார்ட்னருக்கு இப்பவே விளக்கம் கேட்டு மெசேஜ் போயிரும்.” “இப்பவேங்களா.” “ஆமா மேடம், தானாப் போயிரும்.” “அவருக்கு ஒண்ணும் ஆகாதுங்களே.” “அது எங்க டிபார்ட்மென்ட் இல்லைங்க மேடம். வேற ஏதாவது உதவி தேவைப்படுதுங்களா?” இல்லைங்க என்றாள் கோகிலா. சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் இருந்துச்சு ஒரு சந்து, கையை நுழைக்கிற அளவுக்கு, அவரு சொன்னாருங்க நாந்தான் வேண்டாம்னேன் என்று ஒரே மூச்சில் தள்ளியிருக்கலாம், இல்லைங்க என்ற வார்த்தை வந்து அதை அடைத்துக்கொண்டது. லைன் போனது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டு மெசேஜ் வந்தது. செவ்வாய்க்கிழமை வந்துரும். சந்தோஷப்படணும். கிரைண்டரைப் போட்டாள், அரிசி பாதியில் நின்றதில் கல் இறுகிக்கொண்டு உறுமியது, கொஞ்சம் தண்ணி தெளித்ததும் அசைந்து கொடுத்தது. அந்த அண்ணனுக்கு என்ன ஆகிவிடப்போகிறது, ஒரு மெசேஜ், திட்டுவார்கள், அதிகம் போனால் ஒரு நாள் கூலி. இல்லை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்களா. பதினெட்டுப் பெட்டியில் ஒரு பெட்டிக்கா எடுப்பார்கள். எடுத்தாலும் எடுப்பார்கள், தறியையே எடைக்குப் போட்டவர்கள்தானே எல்லாரும். வேண்டுமானால் அவர் வரும்போது தோசை மாவு ஒரு டப்பா கொடுக்கலாம். செவ்வாய்க்கிழமை அவரே கொண்டு வருவாரா. அவரே வந்து, நடையில் இறக்கி வைத்து, கத்தியை எடுத்து. அந்த நினைப்பைத் தள்ளிவிட்டு அலமாரிக்குப் போனாள். எதுக்கும் ஒரு தடவை பார்ப்போம், ஒருவேளை அது தானாகவே சின்னதாகிப் போயிருக்கலாம், அப்படி ஆகியிருந்தால் இப்பவே திரும்பக் கூப்பிட்டு ஒன்றும் வேண்டாமுங்க, எல்லாம் சரியாப் போச்சுங்க என்று சொல்லிவிடலாம், எல்லாரும் பிழைத்தோம். துண்டை எடுத்தாள். திறந்து பித்தானை அழுத்தினாள். மலை வந்தது. ஏரி வந்தது. ஸ்டிக்கர் பொட்டு எங்கே என்று தேடவேண்டியிருந்தது. கறுப்புக்குள்ளே, மூக்கு நுனியிலிருந்து நாலு விரல்கடை உள்ளே, சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது அது, இப்போது பார்க்கக் காக்காயின் கண் மாதிரி. “காக்கா பெருசாயிருச்சும்மா” என்றது பாப்பா.

சொம்பு அடித்தது. அடுப்படி முழுக்க, ரெண்டு மடங்காக. போய்ப் பார்க்கும்போதே தெரியும் என்றாலும் போய்ப் பார்த்தாள். லேப்டாப் அண்ணன். சொம்பு விளிம்புக்கு மேலே அந்த எழுத்து மினுக் மினுக்கென்று எட்டிப் பார்த்தது. கையெல்லாம் மாவு, துடைக்கணும். துடைத்துவிட்டாள், திரும்பவும் துடைத்தாள், விரல் இடுக்கில் காய்ந்திருந்ததையும் உரித்தாள். என்னங்க அம்மிணி என்றுதான் ஆரம்பிப்பார். திட்ட மாட்டார். திட்டினால் தேவலை. நான் சொன்னனுங்கல்ல அம்மிணி என்று மட்டும் கேட்பார், மூணு தடவை சொன்னனுங்கல்ல, அதை நீங்களே அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லீருங்க என்பார், எங்கேயோ வண்டியை ஓரம் கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, முதுகு மூட்டையோடு வெயிலில் நின்றுகொண்டு கேட்பார். அடித்து ஓய்ந்தது. மூச்சு விட்டாள். சுவர்க் கடிகாரத்தில் பத்து பத்தொன்பது. பத்தரை வரைக்கும் ராகு காலம். இந்த நேரத்தில் எடுத்துப் பேசினால் நல்ல பேச்சும் கெட்டதாகத்தான் போய் முடியும், யாருக்கும் நல்லதில்லை, அவருக்கும்தான் நல்லதில்லை. பத்தரை தாண்டட்டும். தாண்டினதும் தானே கூப்பிட்டு, பக்குவமாக, எல்லாத்தையும் எடுத்துச் சொல்லி. சொம்பு திரும்ப அடிக்க ஆரம்பித்தது. பாப்பா சேலையை இழுத்தது. “அம்மா, போன் அடிக்குது.”

“பத்தரைக்கு எடுத்துக்கலாம் கண்ணு,” என்றாள் கோகிலா. கிரைண்டர் ஓரத்தில் ஒட்டியிருந்ததை வழித்து உள்ளே தள்ளினாள். “செருப்பக் கழட்டி வை. நாம எங்கயும் போகலை.”